பத்தாயப் பலகை

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் தாய்க்கொட்டாரத்துப் பலாமரத் தூணின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அரண்மனையிலேயே பழைய பகுதி அது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது என்பார்கள். தூணின் வேலைப்பாட்டைக் காட்டிவிட்டு வழிகாட்டி அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார். எனக்கு மட்டும் அங்கே ஒரு கேள்வி எழும்: உளி இறங்கும்போது மரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டது எது?

ஆசாரியின் உடம்புதான். பெரிய தடி என்றால் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். சின்னச் சட்டம் என்றால் தரையில் உட்கார்ந்து, பாதத்தை அதன்மேல் ஊன்றி, பெருவிரலால் ஓரத்தை அழுத்திக்கொள்வார். உளியும் கொட்டாப்புளியும் பிடிக்க இரண்டு கைகளும் மிச்சம் இருக்கும். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் தேர்கள், கதவுகள், நாலுகெட்டு வீட்டு மச்சுகள் எல்லாம் அப்படி உட்கார்ந்து செய்தவையே. இடுப்புயர மேசையும் மரத்தைக் கவ்விப் பிடிக்க அதில் பூட்டிய வைஸும் இங்கே பிற்பாடு வந்த விருந்தாளிகள்.

அந்த விருந்தாளிகளில் ஒன்று இப்போது என் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் நிற்கிறது. நான் ஆசாரி வீட்டில் பிறந்தவனல்ல. உளியை முதன்முதலாகக் கையில் எடுத்ததே தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான். அந்த மேசையின் கதை என்னைவிட நீளம் என்பதால் எழுதத் தோன்றியது.

முதலில் அதன் குலம். ரோமானியர்களிடம் மரவேலை மேசை இருந்தது. ஜெர்மனியில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையில் தோண்டியபோது கிடைத்த மேசை முழங்கால் உயரம்தான். அதன்மேல் உட்கார்ந்தும் சாய்ந்தும் வேலை செய்திருக்க வேண்டும். வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்றில், சிறகு முளைத்த குழந்தைகள் மேசையில் பலகையை வைத்து அறுக்கிறார்கள். நம் ஆசாரியின் தரைக்கும் இன்றைய மேசைக்கும் நடுவழியில் அந்தத் தாழ்ந்த பலகை நிற்கிறது. ஐரோப்பாவில் மேசை மெல்ல மெல்ல இடுப்புக்கு உயர்ந்தது. பாரிஸில் ஆந்த்ரே ஜேக்கப் ரூபோ என்ற தச்சர் 1769-இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலில் வரைந்து காட்டிய மேசையை இன்றும் உலகமெங்கும் அப்படியே செய்கிறார்கள். கனத்த மேல்பலகை, அதன் விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கும் கால்கள், இழைக்கும்போது பலகை முன்னால் ஓடாதபடி ஒரு தடுப்பு. ஜப்பானியத் தச்சர்களோ நம்மைப்போலவே தரையை விடவில்லை. ஆகவே தரையில் உட்காருவதைப் பின்தங்கிய பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இந்தியாவில் இந்த மேசை பரவியது அரசாங்கத்தின் கைபிடித்து. 1850-இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி, பிறகு ரயில்வே பட்டறைகள், பொதுப்பணித் துறை, 1950-இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின் ஐ.டி.ஐ.கள். அங்கே வந்த பையன்கள் எல்லாரும் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஐந்து வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கால்விரல் பதினெட்டு வயதுக்காரனுக்குக் கிடைக்காது. அவனுக்கு அந்த விரலின் வேலையை வைஸ் செய்தது. மேசையின் பெருமையெல்லாம் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வேலையின் தரத்தை அது உயர்த்தவில்லை. பத்மநாபபுரத்தைவிட உயர்த்த என்ன இருக்கிறது? வேலைக்குள் நுழையும் வாசலைத்தான் அகலமாக்கியது.

இனி மரத்துக்கு வருவோம்.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை யார் புரையிடத்தில் முளைத்தாலும் அரசுக்கே சொந்தம். ராஜமரங்கள் என்று அவற்றுக்குப் பெயர். குடியானவன் தன் வீட்டுக்குத் தேடியது அயனியும் பலாவும் மாவும் பனையும். அவற்றில் அயனிக்குத்தான் முதல் மரியாதை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய காட்டுப்பலா அது. நெடுநெடுவென்று கிளையில்லாமல் உயரும். பழத்தை அயனிச்சக்கை என்று பிள்ளைகள் தின்பார்கள். கொட்டையை வறுத்துக் கொறிப்பார்கள். வைரம் பாய்ந்த அயனியைச் செல் எளிதில் தொடாது, தண்ணீரும் சீக்கிரம் அரிக்காது. கேரளத்துச் சுண்டன் வள்ளங்கள் இந்த மரத்தில் செய்தவை. பேப்பூரில் கட்டிய உரு என்ற மரக்கப்பல்களிலும் இது உண்டு. கடலையே தாங்குகிற மரத்தை நாஞ்சில் நாட்டான் நெல்லைக் காக்க வைத்தான்.

நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீர் வந்து இரண்டு பூவும் உறுதிப்பட்டன. சித்திரை வைகாசியில் இறங்கி ஆவணி வாக்கில் அறுப்பது கன்னிப்பூ. புரட்டாசி ஐப்பசியில் நட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ. அறுத்த நெல் அடுத்த பூ வரைக்கும் வீட்டில் இருந்தாக வேண்டும். விதைக்கும் அதில்தான் பங்கு, கூலிக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அதில்தான் அளவு. அதற்காகச் செய்ததுதான் பத்தாயம். ஆள் உயரத்துக்கும் அகலத்துக்குமான மரப்பெட்டி, தரையின் ஈரம் ஏறாதபடி குட்டைக் கால்கள், மேலே மூடி, கீழே நெல் எடுக்கச் சின்ன வாய். பெரிய வீட்டுப் பத்தாயங்களுக்கு உள்ளே அறைகளும் உண்டு. கட்டிச்சம்பா ஓர் அறையில், விதைநெல் இன்னோர் அறையில். பூச்சி வராமலிருக்க நொச்சி இலையும் வேப்பிலையும் போடுவார்கள். மேலே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் பெரியவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். காவலுக்குக் காவல், குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி.

பத்தாயத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கு. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தவரை சொத்து குடும்பத் தலைவரான காரணவரின் கையில். அவருக்குப் பின் சகோதரியின் மகனுக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இந்த அவலத்தைப் பற்றித்தான். 1926-இல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து வழி மாறியது. குடும்பங்கள் பாகம் பிரித்துக்கொண்டன. வயலைப் பிரிக்கலாம், பாத்திரத்தைப் பிரிக்கலாம், பத்தாயத்தை எப்படிப் பிரிப்பது? ஒருவர் வீட்டில் அது தங்கிவிடும். வாசலை இடிக்காமல் வெளியே கொண்டுபோக முடியாது என்பதும் அதற்குக் காரணம். அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்தியவை அவை.

நெல் குறைந்தது பிறகு. வயல் வாழைக்குப் போனது, தென்னைக்குப் போனது, கடைசியில் வீட்டுமனைக்குப் போனது. மிச்சமிருந்த வயலிலும் அறுவடை இயந்திரம் கொட்டிய நெல்லைக் களத்திலிருந்தே வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். அரிசி கடையிலிருந்து பையில் வந்தது. பத்தாயத்துக்குள் பழைய துணியும் உடைந்த குத்துவிளக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் ஏறின. எலி குடியேறியது.

பூதப்பாண்டிப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் வீடு கட்டினார்கள். பழைய மரம் எடுக்கிற வியாபாரி கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றுக்கும் விலை சொன்னார். பத்தாயத்துக்கு மட்டும் முகம் சுளித்தார். ஒன்றரை அங்குலப் பலகை, ஆங்காங்கே எலி கடித்த ஓட்டை, நிலைக்கும் ஆகாது கதவுக்கும் ஆகாது. விறகுக் கணக்கில்தான் எடுக்க முடியும் என்றார். அந்த விறகு விலைக்குமேல் கொஞ்சம் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். உறவினருக்கு என்மேல் இரக்கம்.

கழற்றும்போதுதான் செய்தவரின் கை தெரிந்தது. மூலைகளில் இரும்பே இல்லை. துளையடித்து நாக்கு இறக்கி மரஆணி வைத்து இறுக்கியிருந்தார். வெளிப்பக்கம் இழைத்து வழுவழுப்பாக இருந்தது. உட்பக்கத்தை இழைக்கவில்லை, நெல்லுக்கு என்ன வழுவழுப்பு வேண்டியிருக்கிறது? அந்த இழைக்காத முகத்தில் வாளின் தடங்கள் சாய்வாக, ஒன்றுக்கொன்று சீரில்லாமல் ஓடின. வட்டவாள் அறுத்த பலகை என்றால் தடம் வில்போல வளைந்திருக்கும். இது மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று இழுத்த கைவாள் வேலை. மரத்தூள் கண்ணில் விழாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே நின்ற அந்த மனிதருடைய கூலிகூட நெல்லாகத்தான் இருந்திருக்கும்.

பழைய பலகையை அறுத்துத் தர மில்காரர்கள் லேசில் சம்மதிக்கமாட்டார்கள். உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், வாளின் பற்கள் போய்விடும். செய்தவர் இரும்பு வைக்காவிட்டாலும் பின்னால் வந்த தலைமுறைகள் எலி ஓட்டையை அடைக்கத் தகரம் வைத்து அடித்திருந்தார்கள், காலண்டர் மாட்ட ஆணி அறைந்திருந்தார்கள். ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் ஓட்டிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். தலை போய்த் துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். அது நல்ல அடையாளம்.

மில்லில் பலகைகளை மூன்றேகால் அங்குல அகலச் சட்டங்களாக அறுத்தோம். அவற்றைப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தோடு முகம் பசை வைத்து ஒட்டினால் ஒன்றரை அங்குலப் பலகையிலிருந்து மூன்று அங்குலக் கனமுள்ள மேசைப்பலகை வரும். இழைத்ததில் தேய்ந்தது போக, பதினெட்டுச் சட்டங்கள் சேர்ந்தால் இரண்டடி அகலம். நீளம் ஆறடி. இழைப்புளி ஓடியதும் கறுத்துக் கிடந்த மரத்துக்குள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. எல்லாம் அயனி என்று நினைத்திருந்தேன். இடையில் பலாவும் இருந்தது. பலாவின் மஞ்சள் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் ஏற்ற இந்த மரத்தின் வைரத்தைத்தான் சீவிக் காய்ச்சினார்கள்.

கால்களின் கதை வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. கடலில் இருந்தவர்களை அது என்ன செய்தது என்பதை மேற்குக் கடற்கரை ஊர்களில் இன்றும் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னால் மரத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையிலும் ரப்பர், தென்னை, வாழை, பலா, அயனி என்று கணக்கில்லாமல் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த தடிகளை அறுத்து ஒதுக்க வாள் மெஷின் வைத்திருந்தவர்களுக்கு ஓய்வில்லை. விழுந்த மரத்துக்கு விலையே இல்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் மரம் விழுந்திருந்தது.

கல்குளம் பக்கத்தில் நண்பர் வீட்டுக் கிணற்றோரம் சாய்ந்த அயனி ஒன்றின் தடி எனக்குக் கிடைத்தது. பச்சை மரம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பது பழைய கணக்கு. முன்காலத்தில் தடியைக் குளத்தில் ஊறப்போடுவார்கள். மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து கரைந்து போனால் உளுக்க வைக்கும் வண்டுக்கு அங்கே சாப்பாடு இருக்காது. நான் ஊறப்போடவில்லை. வெளியில் இருக்கிற வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, நாலங்குலச் சட்டங்களாக அறுத்து, வெடிக்காமலிருக்க இரண்டு முனைகளிலும் பெயின்ட் அடித்து, நடுவில் குச்சிகள் வைத்து அடுக்கி, ஓட்டுக்கூரையின் கீழே விட்டுவிட்டேன். இந்த மாவட்டத்தில் எடவப்பாதி மழையும் வரும், ஐப்பசி மழையும் வரும். மரம் காய்வதற்கு மாசி பங்குனியை விட்டால் நல்ல நாள் குறைவு. கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோதும் அது காய்ந்துகொண்டுதான் இருந்தது. 2021 வாக்கில்தான் அந்தச் சட்டத்தைத் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது.

மேசைக்கு உயரம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான். எனக்கு 33 அங்குலம். இன்றைய தச்சு முழக்கோலில் விரல் ஒன்று 3 செ.மீ., கோல் 24 விரல், அதாவது 72 செ.மீ. அந்தக் கணக்கில் என் மேசை ஒரு கோலும் நாலு விரலும். கால்களில் துளையடித்துக் குறுக்குச் சட்டங்களின் நாக்குகளை இறக்கி, புளிய மரத்தில் ஆப்பு அடித்தேன். மேல்பலகையை மட்டும் பசை வைத்துக் காலோடு பிணைக்கவில்லை. இரண்டடி அகலப் பலகை மழைக்காலத்துக்கும் பங்குனிக்கும் இடையில் ஏறக்குறைய கால் அங்குலம் விரிந்து சுருங்கக்கூடும். அதைத் தடுத்தால் எங்கேயாவது வெடிக்கும். ஆகவே நீளத்துளை போட்டு போல்ட் வைத்தேன், பலகை நகர்ந்துகொள்ளட்டும் என்று. எல்லாம் சேர்ந்து எண்பது கிலோவைத் தாண்டும். அந்தக் கனம் வேண்டும். இழைப்புளியைத் தள்ளும்போது மேசையும் சேர்ந்து நகர்ந்தால் அது மேசையே அல்ல.

வைஸ் ஜலந்தரில் வார்த்தது. பிரிவினைக்குப் பிறகு கைக்கருவித் தொழில் அங்கே பெரிதாக வளர்ந்தது. பஞ்சாபில் வார்த்த இரும்பு கோட்டாறு கடைத்தெரு வழியாக என் அயனிப் பலகைக்கு வந்து சேர்ந்தது. அதன் இரும்பு வாய் மரத்தைக் கடிக்காமலிருக்க இரண்டு பக்கமும் புளியம்பலகை வைத்துக் கட்டினேன். மேசையில் துளைகள் போட்டு, கொல்லரிடம் சொல்லி வளைத்த இரும்புக் கொக்கிகள் இரண்டு செய்துகொண்டேன். துளையில் இறக்கிச் சுத்தியலால் தலையில் ஒரு தட்டு தட்டினால் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருந்து தட்டினால் விட்டுவிடும். ரூபோவின் படத்திலும் இதே கொக்கி உண்டு. உளிகளும் அதே கொல்லர் லாரிப் பட்டையை அடித்துச் செய்து கொடுத்தவைதான். கடையில் விற்கும் பளபளப்பான உளிகளைவிட இவை கூர் நிற்கின்றன.

வேலை முடிந்த சமயத்தில் எண்பது வயதுப் பெரிய ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். கோயில் தேர் வேலை செய்தவர். மேசையைச் சுற்றி வந்தார், நாக்கு இறங்கிய இடங்களை விரலால் தடவினார், பத்தாயப் பலகையை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு வைஸைத் திருகித் திறந்து மூடிவிட்டுக் கேட்டார்: “காலிருக்கப்பட்டவனுக்கு இது எதுக்கு மக்கா?”

கேட்டதோடு விடவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு துண்டுச் சட்டத்தை எடுத்துப் பாதத்தால் பிடித்து, நான் கொக்கியை மாட்டுவதற்குள் ஒரு துளையை அடித்து முடித்தார். “எனக்கு அந்தக் கால் வராது, பெரியவரே” என்றேன். “அது சரி” என்றார். எழுந்திருக்கும்போது மட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் தேய்ந்துவிட்டது, தரையில் உட்கார்ந்தே கழித்த அறுபது வருஷம் என்றார். மேசைக்கு ஆதரவாக நான் எதுவும் சொல்லவில்லை.

பட்டறை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தடிக்கு எட்டடிச் சாய்ப்பு. வெளிச்சம் வடக்கிலிருந்து, மழை வரும் மேற்குப் பக்கம் சுவர். ஆடிமாசம் வீசுகிற காற்று இழைத்த சுருளையெல்லாம் அடுத்த வீட்டுத் துணிக்கொடிக்குக் கொண்டுபோகும். அந்த மாசத்தில் அந்தப் பக்கத்துச் சன்னலை மூடிவைப்பது உறவுக்கு நல்லது. கடற்காற்றில் இரும்பு நிற்காது, அதனால் வேலை முடிந்ததும் உளிக்கும் இழைப்புளிக்கும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மின்சாரக் கருவிகள் இரண்டுதான்: துளையிட ஒன்று, அறுக்க ஒன்று. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஈரமான சாய்ப்பில் எதையும் சொருகவேண்டாம்.

இந்த மாவட்டத்தின் ரப்பர் தடி பெரும்பாவூருக்குப் போய்ப் பிளைவுட்டாகத் திரும்பி வருகிற காலம் இது. கட்டிலும் அலமாரியும் அதில்தான் செய்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. அதனோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அயனிப் பலகையை விறகு விலைக்குத் தூக்கிக் கொடுப்பது வேறு விஷயம். வீடு இடிக்கப் போகிறீர்கள் என்றால், வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பத்தாயத்தின் உட்பக்கத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பலகை ஒன்றரை அங்குலம் இருந்து, தட்டினால் சத்தம் கெட்டியாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் மரவேலை பழகுகிற பையன் ஒருவனுக்குக் கொடுங்கள். காந்தம் அவன் கொண்டுவருவான்.